மாறும் கேமரா, நிலைக்கும் லென்ஸ்: இணைப்பு வளையங்கள் குறித்த ஓர் ஆய்வு

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கும் பக்கத்தில் வளர்ந்த கச்சிராயபாளையம் போன்ற ஊர்களில் ஒளிப்படத் தொழில் திருமணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா ஆகியவற்றை நம்பியே நடக்கிறது. அத்தொழில் ஃபிலிம் சுருளிலிருந்து டிஜிட்டல் எஸ்எல்ஆருக்கும், பின்னர் உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கும் மாறியபோது, கேமராவின் உடலாகிய பாடி மட்டும் மாறவில்லை; லென்ஸ் வந்து பூட்டிக்கொள்ளும் வாயாகிய மவுண்டும் பல நிறுவனங்களில் மாறிப்போனது. முதல் மாற்றத்தில் நிக்கான், பென்டாக்ஸ் ஆகியவற்றின் பழைய லென்ஸ்கள் பெரும்பாலும் தப்பின; ஆனால் கேனனின் எஃப்டி, மினோல்டாவின் எம்டி, ஒலிம்பஸின் ஓஎம், யாஷிகா, திருகி மாட்டும் எம்42 ஆகிய வகைகள் தமக்கென டிஜிட்டல் பாடி எதுவும் இல்லாமல் அலமாரிக்குச் சென்றன. இரண்டாவது மாற்றத்தில் நிக்கானும் கேனனும்கூடப் பழைய வாயைக் கைவிட்டன.

ஒரு நிறுவனத்தின் லென்ஸை மற்றொரு நிறுவனத்தின் பாடியிலோ, அதே நிறுவனத்தின் வேறு தலைமுறைப் பாடியிலோ பொருத்துவதற்காக இடையில் வைக்கப்படும் உலோக வளையமே அடாப்டர் எனப்படுகிறது. அதைக் குறித்து எழும் கேள்விகள் யாவும் இரண்டே இனங்களுள் அடங்கும். ஒன்று வடிவியல் சார்ந்தது: லென்ஸ் சென்சாரிலிருந்து சரியான தூரத்தில், சரியான நேர்கோட்டில் நிற்கிறதா என்பது. மற்றொன்று லென்ஸும் பாடியும் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் கட்டளைகள் சார்ந்தது: ஒளித்துளையை யார் சுருக்குவது, ஃபோகஸ் மோட்டாரை யார் ஓட்டுவது என்பது. முன்னதை ஒரு நல்ல கடைசல் பட்டறை ஒருமுறை தீர்த்துவிட்டால் அந்தத் தீர்வு பல பத்தாண்டுகள் நிற்கும். பின்னதோ நிறுவனங்களின் கையில் இருப்பதால் எந்தப் புதிய பாடியோடும் மாறக்கூடியது. அடாப்டர் வாங்கி ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியவர்களே என்பதும், இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பழைய லென்ஸ்களில் பெரும்பகுதியைத் தொழிலுக்கே மீட்டுக்கொள்ள முடியும் என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்துகள்.

இடைவெளியின் கணக்கு

மிகத் தொலைவில் உள்ள பொருளின் பிம்பத்தை ஒரு லென்ஸ் தனக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் கூர்மையாக விழச்செய்யும். எனவே மவுண்டின் உலோக முகத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் இருக்கும் தளம் வரையிலான தூரத்தை ஒவ்வொரு நிறுவனமும் மாறாத அளவாக வரையறுத்து வைத்திருக்கிறது. இதற்கு ஃபிளேஞ்ச் தூரம் என்று பெயர். 1959இல் வந்த நிக்கான் எஃப் மவுண்டில் அது 46.5 மி.மீ.; ஒலிம்பஸ் ஓஎம்மில் 46; எம்42இலும் பென்டாக்ஸ் கே மவுண்டிலும் 45.46, 1987இல் வந்த கேனன் இஎஃப்பில் 44, மினோல்டா எம்டியில் 43.5, கேனன் எஃப்டியில் 42. இவையெல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்பதற்குக் காரணம், எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே பிரதிபலிப்புக் கண்ணாடி ஏறி இறங்க இடம் வேண்டியிருந்ததுதான். அக்கண்ணாடி நீங்கியவுடன் அந்த இடமும் தேவையற்றுப்போனது. 2010இல் வந்த சோனி இ மவுண்டில் ஃபிளேஞ்ச் தூரம் 18 மி.மீ.; ஃபுஜிஃபில்ம் எக்ஸ் மவுண்டில் 17.7, 2018இல் வந்த கேனன் ஆர்எஃப்பில் 20, அதே ஆண்டின் நிக்கான் இசட் மவுண்டில் 16.

இந்த எண்களைக் கழித்துப் பார்ப்பதே அடாப்டர் இயலின் முதற்பாடம். எம்42 லென்ஸைச் சோனி பாடியில் பொருத்த வேண்டுமானால் 45.46இலிருந்து 18ஐக் கழித்து வரும் 27.46 மி.மீ. நீளமுள்ள வெற்றுக் குழாய் போதும்; அதற்குள் கண்ணாடி எதுவும் வேண்டியதில்லை. நிக்கானின் பழைய லென்ஸை நிக்கானின் புதிய இசட் பாடியில் பொருத்த 30.5 மி.மீ. வேண்டும். அதே நிக்கான் லென்ஸைக் கேனன் இஎஃப் பாடியில் பொருத்தக் கிடைக்கும் இடம் 2.5 மி.மீ. மட்டுமே, மெல்லிய தகடு போன்ற வளையம் என்றாலும் அது இயலக்கூடியதே. ஆனால் கேனன் எஃப்டி லென்ஸைக் கேனன் இஎஃப் பாடியில் பொருத்தப் போனால் விடை கழித்தல் 2 என்று வருகிறது, அதாவது வளையம் தடிமனே இல்லாததாக இருந்தால்கூட லென்ஸ் 2 மி.மீ. முன்தள்ளியே நிற்கும். ஒரே நிறுவனத்தின் இரு தலைமுறைகளுக்கு இடையில் வழி அடைபட்டும், போட்டி நிறுவனங்களுக்கு இடையில் வழி திறந்தும் இருப்பது வணிகக் காரணத்தால் நிகழ்ந்ததன்று. இடைவெளியின் அளவால் நிகழ்ந்தது.

முன்தள்ளி நின்றால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டே அறியலாம். லென்ஸ் தன் முடிவிலி நிலையில், அதாவது வெகுதொலைவுக்கு ஃபோகஸ் செய்யப்பட்ட நிலையில், சென்சாரிலிருந்து கூடுதலாக எவ்வளவு விலகி நிற்கிறதோ அந்த விலகலால் குவியத்தூரத்தின் வர்க்கத்தை வகுத்து, வரும் ஈவுடன் குவியத்தூரத்தைக் கூட்டினால், அந்த லென்ஸ் கூர்மையாகக் காட்டக்கூடிய மிக அதிகத் தொலைவு கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸ் 2 மி.மீ. விலகினால் அத்தொலைவு 1.3 மீட்டர், அதற்கு அப்பால் உள்ள எதுவும் தெளியாது. விலகல் வெறும் 0.1 மி.மீ. என்றாலும் எல்லை ஏறத்தாழ 25 மீட்டரில் நின்றுவிடுகிறது. கோமுகி அணையின் கரையில் நின்று கரைமேல் நிற்பவரை அந்த லென்ஸால் கூர்மையாகப் படமெடுக்கலாம். நீர்ப்பரப்புக்கு அப்பால் எழும் கல்வராயன் மலைத்தொடரை எடுக்க முடியாது. அதே 0.1 மி.மீ. பிழையில் 24 மி.மீ. அகலக்கோண லென்ஸின் எல்லை 6 மீட்டருக்கும் குறைந்துவிடும், 200 மி.மீ. டெலி லென்ஸுக்கோ அது 400 மீட்டர். அகலக்கோண லென்ஸ்களுக்கு மட்டும் விலை கூடிய, துல்லியமான அடாப்டர் வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதன் கணித அடிப்படை இதுதான்.

இப்பிழை பல காலம் வெளியே தெரியாமலும் இருக்கலாம். விலகல் 0.1 மி.மீ. ஆக இருக்கும்போது, எஃப் 2 அளவில் திறந்த லென்ஸில் மலைமுகட்டின் ஒவ்வொரு புள்ளியும் சென்சாரில் 0.05 மி.மீ. வட்டமாக விரிகிறது, 36க்கு 24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃபிரேம் படத்தில் கண் பொறுத்துக்கொள்ளும் வரம்பாக நெடுங்காலமாகக் கொள்ளப்படுவது 0.03 மி.மீ. எஃப் 8 அளவுக்குச் சுருக்கினாலோ அவ்வட்டம் 0.0125 மி.மீ. ஆகக் குறைந்து கண்ணுக்குப் புலப்படாமல் போய்விடும். ஆகவே பகலில் மேகம் அருவியையும் பெரியார் அருவியையும் எஃப் 8இல் எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் தம் அடாப்டரில் குறை எதையும் காணமாட்டார். வெள்ளிமலைப் பக்கத்தின் இருண்ட வானில் விண்மீன்களை எஃப் 2இல் எடுக்க முற்படும் இரவில்தான் அவை புள்ளிகளாக நில்லாமல் வட்டங்களாக விரிந்து உண்மையைச் சொல்லும். அடாப்டரைச் சோதிக்க விண்மீனைவிட நேர்மையான சாட்சி இல்லை.

தயாரிப்பாளர்கள் இதை அறிந்தே தம் வளையங்களைக் கணக்கைவிடச் சற்றுக் குட்டையாகக் கடைகின்றனர். குட்டையாக இருந்தால் லென்ஸ் முடிவிலியையும் தாண்டித் திரும்பும். தூர அளவுகோலில் பொறித்த எண்கள் பொய்யாகுமே தவிர, எந்தத் தொலைவும் கைவிட்டுப் போகாது. எனினும் இந்தச் சலுகையை எல்லா லென்ஸ்களும் ஏற்பதில்லை. ஃபோகஸ் செய்யும்போது உள்ளிருக்கும் கண்ணாடித் தொகுதிகள் வெவ்வேறு வேகத்தில் நகரும்படி அமைந்த அகலக்கோண லென்ஸ்களில், தூர அளவுகோல் பிசகினால் அத்தொகுதிகளின் ஒழுங்கும் பிசகி, படத்தின் மூலைகள் மங்குகின்றன. ஜூம் லென்ஸ்களில் குவியத்தூரத்தை மாற்றும்தோறும் ஃபோகஸ் நழுவுகிறது. நீளத்தைவிடத் தொல்லை தருவது சாய்வு: வளையத்தின் இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் படத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கலங்கியும் வரும், பார்ப்பவர் பழியை லென்ஸின்மேல் போடுவார். உட்சுவரில் பளபளப்பு மிஞ்சியிருந்தால் எதிர்வெயிலில் படம் வெளிறும். மலிவான வளையங்களில் காணப்படும் ஆட்டம், அதாவது பூட்டிய பின்னும் லென்ஸ் சிறிது அசைவது, கனமான டெலி லென்ஸில் பெருந்தீங்காகும்; அத்தகைய லென்ஸை முக்காலியில் பூட்டும்போது பாடியைத் தாங்காமல் லென்ஸையோ அடாப்டரின் காலையோ தாங்குவதே முறை.

துருத்தி முதல் திருகு வரை

இந்தச் சிக்கல் ஒளிப்படக் கலையுடன் பிறந்ததன்று. பழைய ஸ்டுடியோக்களின் பெட்டிக் கேமராக்களில் லென்ஸ் ஒரு மரப்பலகையின் துளையில் பொருத்தப்பட்டிருந்தது. பலகைக்கும் பின்னாலிருந்த தகட்டுக்கும் இடையே துருத்தி இருந்தபடியால், எந்த நாட்டு லென்ஸானாலும் துருத்தியை நீட்டியோ மடக்கியோ ஃபோகஸ் செய்துகொள்ள முடிந்தது. உலோகத்தாலான இறுகிய பாடி வந்து, தூரம் நிலையாக்கப்பட்ட பிறகே ஒரு நிறுவனத்தின் லென்ஸ் மற்றொன்றுக்கு அந்நியமானது.

தமிழகத்தில் இந்த எல்லையை மதியாமல் வேலை செய்தவர்களுள் முதன்மையாகக் குறிக்கப்பட வேண்டியவர் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாக 1912இல் பிறந்து 1996இல் மறைந்த அவர், 1950 முதல் இறுதிவரை ஸ்டேட்ஸ்மன் இதழில் காட்டுயிர் பற்றித் தொடர்ந்து எழுதியவர். தமிழிலும் கட்டுரைகளும் ஒரு துப்பறியும் நாவலும் எழுதியவர். 1970இல் பத்மஸ்ரீ பெற்றவர். யானை, காட்டெருது முதலிய பெருவிலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் இந்தியக் காட்டுயிர் ஒளிப்படத்தின் அடித்தளமாகக் கருதப்படுகின்றன. அப்படங்களை எடுத்த கேமரா கடையில் வாங்கியபடியே இருந்ததன்று. அசாமில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த இயற்கையியலாளர் இ.பி. ஜீ, 1964இல் வெளியான தம் நூலில் அக்கருவியை வியப்புடன் விவரித்திருக்கிறார்: பாடி ஒரு நிறுவனத்துடையது, டெலி லென்ஸ் மற்றொன்றுடையது, பிற உறுப்புகளும் பல இடங்களிலிருந்து வந்தவை, அனைத்தையும் பொருத்தி ஒரு கருவியாக்கியவர் கிருஷ்ணனே. சூப்பர் பாண்டரோசா என்று அதற்கு அவர் பெயரும் சூட்டியிருந்தார்.

இதை ஒரு மேதையின் விநோதப் பழக்கம் என்று கடந்துபோவது அவருக்கு நியாயம் செய்வதாகாது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளால் வெளிநாட்டுக் கருவிகள் அரிதாகவும் விலை மிகுந்தும் இருந்த காலம் அது. தமக்கு வேண்டிய சேர்க்கை ஒரே நிறுவனத்திடமிருந்து கிடைக்கும்வரை காத்திருக்காமல், ஃபிளேஞ்ச் தூரத்தையும் நேர்கோட்டையும் தாமே கைப்பட அமைத்துக்கொள்ளத் துணிந்த ஒருவரின் முடிவு அது. ஒளித்துளையும் ஃபோகஸும் லென்ஸின் மேலிருந்த வளையங்களாலேயே இயங்கியதால், பாடிக்கும் லென்ஸுக்கும் இடையே பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. வடிவியலை வென்றால் எல்லாவற்றையும் வென்றதாக ஆயிற்று. இன்று பழைய லென்ஸுக்கு வெற்றுக் குழாய் வாங்கி மாட்டும் மாணவர் ஒருவர் செய்வதும், அளவில் சிறியதாயினும், அதே இனத்தைச் சேர்ந்த வேலைதான்.

நிறுவனங்களும் இத்தேவையை அறியாமல் இல்லை. பின்னாளில் டாம்ரான் என்று அறியப்பட்ட ஜப்பானிய நிறுவனம் 1957இல் டி (T) மவுண்ட் என்ற பொது வாயை உருவாக்கியது. அதன் ஃபிளேஞ்ச் தூரம் 55 மி.மீ. என்று வேண்டுமென்றே நீளமாக வைக்கப்பட்டதால், அன்றைய எந்த எஸ்எல்ஆர் பாடிக்கும் இடையில் ஒரு வளையம் வைக்க இடம் எஞ்சியது; லென்ஸ் ஒன்று, வளையங்கள் பல என்ற முறை அவ்வாறு பிறந்தது. 1973இல் வந்த அடாப்டால், 1979இல் வந்த அடாப்டால் 2 ஆகிய அமைப்புகள் ஒளித்துளைக் கட்டளையையும் பாடிக்குக் கடத்தும் அளவுக்கு அதை வளர்த்தன. மறுபுறம், 1949இன் கான்டாக்ஸ் எஸ் முதல் வழங்கிய எம்42 திருகு, கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா, ஜப்பானின் பென்டாக்ஸ், சோவியத் ஒன்றியத்தின் செனித் எனப் பல நாடுகளுக்கும் பொதுவாக ஆயிற்று. செனித்துடன் வந்த ஹீலியாஸ் 44 வரிசையின் 58 மி.மீ. எஃப் 2 லென்ஸ், பின்னணியிலுள்ள இலைகளையும் ஒளிப்புள்ளிகளையும் சுழல்வதுபோல் காட்டும் தன்மைக்காக இன்று உலகெங்கும் தேடப்படுவது இப்பொதுத் திருகின் பயனே.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். டி மவுண்டும் எம்42உம் 42 மி.மீ. விட்டம் கொண்டவை, ஆனால் எம்42இன் புரிகளுக்கிடையே 1 மி.மீ. தூரமும் டி மவுண்டில் 0.75 மி.மீ. தூரமும் உண்டு. ஒன்றை மற்றொன்றில் திருகினால் முதல் சுற்று ஏறும், பிறகு இறுகும், அதற்குமேல் அழுத்தினால் இரண்டின் புரிகளும் கெடும். இதேபோல் லைக்காவின் பழைய 39 மி.மீ. திருகும் ஆரம்பகாலச் செனித்தின் 39 மி.மீ. திருகும் ஒன்றில் ஒன்று பொருந்தினாலும், ஃபிளேஞ்ச் தூரம் முன்னதில் 28.8 மி.மீ. ஆகவும் பின்னதில் 45 மி.மீ.க்கு மேலாகவும் இருப்பதால், பொருந்தியதெல்லாம் படம் தரும் என்று நம்ப முடியாது.

கட்டளைகளின் சிக்கல்

1987இல் கேனன் தன் எஃப்டி மவுண்டைக் கைவிட்டு இஎஃப்பைக் கொண்டுவந்தபோது, லென்ஸுக்கும் பாடிக்கும் இடையிலிருந்த நெம்புகோல்கள் அனைத்தையும் நீக்கி, மின்முனைகளை மட்டுமே வைத்தது. ஃபோகஸ் மோட்டாரும் ஒளித்துளையை இயக்கும் மோட்டாரும் லென்ஸுக்குள்ளேயே குடியேறின. அன்று பலருக்குச் சினமூட்டிய அம்முடிவு, முப்பது ஆண்டுகள் கழித்து ஆர்எஃப் மவுண்டுக்கு மாறியபோது நன்மையாக முடிந்தது, 24 மி.மீ. நீளமுள்ள கேனனின் சொந்த அடாப்டர் மின்கட்டளைகளை அப்படியே கடத்துவதால், பழைய இஎஃப் லென்ஸ்கள் புதிய பாடியிலும் தானியங்கி ஃபோகஸுடன் இயங்குகின்றன. ஆனால் அதே லென்ஸை வெற்றுக் குழாய் வழியே மற்றொரு நிறுவனத்தின் பாடியில் மாட்டினால், ஒளித்துளையைச் சுருக்க வளையமும் இல்லை, கட்டளையும் வராது. முழுத் திறப்பிலேயே நின்றுவிடும்.

நிக்கான் வேறு வழியில் சென்றது. 1959இன் வாயை விடாமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலத்திலும் ஒரு புதிய வசதியை அதன்மேல் ஏற்றியதால், எஃப் மவுண்ட் என்ற ஒரே பெயரின்கீழ் பல வகை லென்ஸ்கள் சேர்ந்துவிட்டன. ஒளித்துளை வளையமுள்ள கைமுறை லென்ஸ்கள் எந்த அடாப்டரிலும் இயங்கும். டி (D) வகை லென்ஸ்களில் வளையம் உண்டு; ஆனால் ஃபோகஸ் மோட்டார் பெரும்பாலும் கிடையாது, பாடியிலுள்ள மோட்டார் ஒரு சிறு திருப்புளி முனை வழியே அவற்றைச் சுழற்ற வேண்டும். ஜி வகையில் மோட்டார் பெரும்பாலும் உள்ளே இருக்கும்; ஒளித்துளை வளையம் இல்லை, பின்புறத்து நெம்புகோலே அதை இயக்கும். இ வகையிலோ ஒளித்துளையும் மின்சாரத்தால் இயங்குவது. 2018இல் இசட் கேமராக்களுடன் வந்த எஃப்டிஇசட் அடாப்டரும் 2021இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பும் ஒளித்துளை நெம்புகோலை இயக்குகின்றன. திருப்புளி முனையைச் சுழற்றும் மோட்டார் இரண்டிலும் இல்லை. விளைவாக, இந்தியச் சந்தையில் மலிவாகவும் தரமாகவும் பெயர்பெற்ற 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸ், நிக்கானின் சொந்த அடாப்டரில் நிக்கானின் சொந்தப் பாடியில் கையால் மட்டுமே ஃபோகஸ் ஆகிறது. சோனி தன் பழைய மினோல்டா வழி லென்ஸ்களுக்காக 2020இல் வெளியிட்ட எல்ஏ-இஏ5 அடாப்டரில் அத்தகைய மோட்டாரைச் சிறு வளையத்துக்குள்ளேயே அடக்கிக் காட்டியது என்பதால், இது இயலாமையால் விடுபட்டது என்று சொல்ல இடமில்லை.

கிராமப்புறத் திருமண ஒளிப்படக்காரருக்கு இந்த வேறுபாடுகள் ஏட்டுச் செய்திகள் அல்ல. கெட்டிமேளம் முழங்கித் தாலி கட்டும் அந்தச் சில நொடிகளில் மணமகனின் கைகள், குனிந்த மணமகளின் முகம், பின்னால் முடிச்சிடும் நாத்தனார், குறுக்கே பறக்கும் அட்சதை, நடுவில் நீளும் உறவினர்களின் கைப்பேசிகள் ஆகிய அனைத்துக்கும் இடையே ஃபோகஸ் ஒரே இடத்தில் நின்றாக வேண்டும். அங்கே கைமுறை லென்ஸை நம்புவதும், பிற நிறுவன லென்ஸை மின்னணு அடாப்டர் வழியே நம்புவதும் துணிவு ஆகாது, பொறுப்பின்மையே ஆகும். ஏனெனில் அத்தகைய அடாப்டர்கள் லென்ஸின் மொழியை நிறுவனம் வெளியிட்ட இலக்கணத்தைக் கொண்டு அல்ல, கட்டளைகளை ஒட்டுக்கேட்டு ஊகித்தே பேசுகின்றன, ஆகவே ஊகம் தவறும் நொடி எது என்று யாருக்கும் தெரியாது. அதே திருமணத்தில் மறுவீட்டுக்குப் புறப்படுமுன் மணமக்களைத் தோப்பில் நிறுத்தி எடுக்கும் உருவப்படங்களுக்கும், நகை, மாலை, மருதாணி ஆகியவற்றின் அண்மைப் படங்களுக்கும் பழைய கைமுறை லென்ஸ் முழுவதும் போதுமானது. பல சமயம் அதன் மென்மை புதிய லென்ஸின் கூர்மையைவிடத் தோல் நிறத்துக்கு ஏற்றதும் ஆகும்.

கைமுறை ஃபோகஸை மிரர்லெஸ் கேமரா எஸ்எல்ஆரைவிட எளிதாக்கியிருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். திரையில் காண்பது சென்சார் காண்பதே என்பதால் ஒரு பகுதியைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். கூர்மையான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் பீக்கிங் வசதியும் உண்டு. லென்ஸிடமிருந்து எந்தத் தகவலும் வராதபோது சில பாடிகள் படமெடுக்க மறுக்கும். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கலாம் என்ற அமைப்பை மெனுவில் இயக்கிவிட்டால் அத்தடை நீங்கும். சென்சாரை அசைத்துக் கைநடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி, 2014இல் சோனி ஆல்ஃபா 7 இரண்டாம் பதிப்பின் வழியே ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸுக்கு வந்தபின், பழைய லென்ஸ்களுக்கும் கிட்டியது. ஆனால் குவியத்தூரத்தைக் கையால் உள்ளிட வேண்டும், 135 மி.மீ. லென்ஸை மாட்டிவிட்டு 50 என்ற பழைய எண்ணை மாற்ற மறந்தால் நடுக்கம் சரியாகச் சமன்படாது.

கண்ணாடியுள்ள அடாப்டர்கள்

கழித்துப் பார்த்த விடை எதிர்மறையாக வரும் இடங்களில், வளையத்துக்குள் ஒரு திருத்தும் கண்ணாடியை வைத்து முடிவிலியை மீட்கும் அடாப்டர்கள் விற்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மலிவான ஒற்றைக் கண்ணாடியால் நல்ல லென்ஸின் தரத்தைக் கெடுப்பவை, தவிர்ப்பதே நல்லது. இதற்கு நேர்மாறானது, லென்ஸின் பிம்பத்தைச் சுருக்கிச் சிறிய சென்சாருக்குள் அடக்கும் குவியக்குறைப்பான். பிரையன் கால்ட்வெல் வடிவமைத்து மெட்டாபோன்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஸ்பீட் பூஸ்டர் இவ்வகையில் பெயர்பெற்றது. 0.71 மடங்கு சுருக்கும் அதில் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ், 35.5 மி.மீ. எஃப் 1 லென்ஸாக வேலை செய்கிறது; ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சாரில் ஃபுல் ஃபிரேமின் காட்சியகலம் ஏறத்தாழத் திரும்பக் கிடைப்பதுடன் ஒளியும் இருமடங்காகிறது.

குட்டையான ஃபிளேஞ்ச் தூரம் கொண்ட லைக்கா எம் லென்ஸ்களில் சிக்கல் வேறு. அவற்றின் அகலக்கோண வகைகள் சென்சாரை மிக நெருங்கி, மூலைகளில் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சுகின்றன. சென்சாரின் முன்னுள்ள காப்புக் கண்ணாடி தடிமனாக இருந்தால் அச்சாய்ந்த ஒளி விலகி மூலைகள் கலங்கும். லைக்காவின் சென்சார்களில் அக்கண்ணாடி 1 மி.மீ.க்கும் குறைவு, சோனியில் ஏறத்தாழ 2 மி.மீ. இக்குறையை எந்த வெற்று வளையமும் நீக்காது.

திரைப்படமும் தொலைநோக்கியும்

தமிழ்த் திரைப்படத்துறைக்கு அடாப்டர் ஒரு பொருளாதாரக் கேள்வியாகவே வந்தது. ஆரி நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த பிஎல் மவுண்ட் திரைப்பட லென்ஸ்களின் பொது வாயாக நிலைபெற்றிருந்ததால், டிஜிட்டல் சினிமா கேமராக்களும் அதையே ஏற்றன. 2009இல் வெளியான அச்சமுண்டு! அச்சமுண்டு! படமாக்கப்பட்ட ரெட் ஒன் கேமராவும் பிஎல் வாயுடன் வந்ததே. ஆகவே ஃபிலிம் காலத்து வாடகை லென்ஸ்கள் அப்படியே கைகொடுத்தன. 2012இல் பாலாஜி சக்திவேல் இயக்கத்தில், விஜய் மில்டனின் ஒளிப்பதிவில் வந்த வழக்கு எண் 18/9 எதிர்த்திசையில் சென்று, கேனன் 7டி என்ற சாதாரண எஸ்எல்ஆர் கேமராவில் எடுக்கப்பட்டது. அத்தகைய பாடியில் சினிமா லென்ஸ் மாட்டுவது கணக்கின்படி எளிது, ஏனெனில் பிஎல்லின் 52 மி.மீ.க்கும் இஎஃப்பின் 44 மி.மீ.க்கும் இடையே 8 மி.மீ. இடமுண்டு, ஆனால் பல சினிமா லென்ஸ்களின் பின்பகுதி உள்ளே நீண்டு பிரதிபலிப்புக் கண்ணாடியில் மோதும் என்பதால், பாடியைப் பிரித்து அக்கண்ணாடியை நீக்க வேண்டியிருந்தது. கண்ணாடியற்ற பாடிகள் வந்தபின் அந்த அறுவைக்கு அவசியமில்லாமல் போயிற்று.

டி மவுண்டின் வாழ்வு தொலைநோக்கிகளில் தொடர்கிறது. கல்வராயன் மலைக்கு வடக்கே சவ்வாது மலையில், காவலூரில் 1972இல் சைஸ் (Zeiss) நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியும் 1986இல் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் நிறுவப்பட்டன. அத்தகைய பெருங்கருவிகள் தமக்கெனச் செய்த கருவிப்பெட்டிகளைக் கொண்டு இயங்குகின்றன. ஆர்வலரின் சிறு தொலைநோக்கிக்கோ, லென்ஸைக் கழற்றிய கேமராவை அதன் பின்முனையில் பூட்ட டி வளையம் ஒன்றே போதும். 2019 டிசம்பர் 26 அன்று உதகை, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் முதலிய பகுதிகளில் வளையச் சூரிய கிரகணமும் மாநிலத்தின் பிற பகுதிகளில் பகுதிக் கிரகணமும் தெரிந்தபோது அவ்வளையம்தான் பலருக்குப் பயன்பட்டது. சூரியனை எடுக்கும்போது தொலைநோக்கியின் முன்முனையில் உரிய சூரிய வடிகட்டி இருந்தாக வேண்டும். கேமரா பக்கம் வைக்கும் எந்தக் கண்ணாடியும் கண்ணையோ சென்சாரையோ காப்பாற்றாது.

வாங்குமுன்

பழைய லென்ஸைத் தேர்வோர் மவுண்டைக் கணக்கிடுவதோடு நின்றுவிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் தோல் பையில் அடைபட்டுக் கிடந்த லென்ஸ்களின் உள்ளே நூல்போல் படரும் பூஞ்சை, நம் நாட்டுப் பழைய சந்தையில் மிகப் பொதுவான குறை. கைப்பேசி விளக்கைப் பின்னாலிருந்து பாய்ச்சி, ஒளித்துளையை முழுதும் திறந்து முன்னாலிருந்து நோக்கினால் அது தெரிந்துவிடும். மேற்பூச்சை அரித்துவிட்ட பூஞ்சையைத் துடைத்தாலும் தடம் போகாது. ஒளித்துளையின் தகடுகளில் எண்ணெய் கசிந்திருந்தால் அவை மந்தமாகச் சுருங்கும். எனினும் கைமுறையாக முன்பே சுருக்கிவைத்து எடுக்கும் அடாப்டர் முறையில் அது பெருங்குறை ஆகாது. பென்டாக்ஸின் 50 மி.மீ. எஃப் 1.4 சூப்பர் டாக்குமார் போன்ற சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி காலப்போக்கில் மஞ்சளிப்பது இயல்பு. சில நாள் வெயில் பட வைத்தால் பெரும்பாலும் தெளியும். சீர்செய்த லென்ஸைச் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் வைத்திருப்பது, அடாப்டருக்குச் செலவிடும் பணத்தைவிட அதன் ஆயுளை நீட்டிக்கும்.

நிறுவனங்களின் நிலைப்பாடும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டியதே. ஒலிம்பஸும் பானசோனிக்கும் 2008இல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வாயைத் தமக்குள் பொதுவாக வைத்தன. சோனி 2011இல் இ மவுண்டின் அடிப்படை விவரங்களைப் பிற தயாரிப்பாளர்களுக்குக் கட்டணமின்றித் திறந்தது. லைக்கா, பானசோனிக், சிக்மா ஆகியவை 2018இல் எல் மவுண்டில் கூட்டுச் சேர்ந்தன. கேனன் தன் ஆர்எஃப் மொழியை நெடுங்காலம் பூட்டியே வைத்திருந்து, 2024இல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் ஏபிஎஸ்-சி லென்ஸ்கள் செய்ய உரிமம் அளித்தது. பிற நிறுவன மின்னணு அடாப்டர்களின் நம்பகம் இந்தத் திறப்பையும் பூட்டையும் சார்ந்தே நிற்கிறது. பாடியின் மென்பொருளை ஒருமுறை புதுப்பித்தாலே நேற்றுவரை இயங்கிய அடாப்டர் இன்று முடங்கலாம். ஆகவே அத்தகைய அடாப்டரின் மென்பொருளையும் புதுப்பிக்க வழியிருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டறிந்து வாங்குவதும், ஒரு பெரிய நிகழ்ச்சிக்கு முந்தைய வாரத்தில் பாடியின் மென்பொருளைப் புதுப்பிக்காமல் இருப்பதும் நன்று. புதிய பாடி வாங்கத் திட்டமிடும் ஸ்டுடியோ, கையிலுள்ள ஒவ்வொரு லென்ஸுக்கும் அதன் மவுண்ட் எது, ஒளித்துளையை இயக்குவது வளையமா நெம்புகோலா மின்சாரமா, ஃபோகஸ் மோட்டார் எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், எதற்கு வெற்றுக் குழாய் போதும், எதற்கு நிறுவனத்தின் சொந்த அடாப்டர் வேண்டும், எதை விற்றுவிடலாம் என்பது கடைக்காரர் பேச்சைக் கேட்குமுன்பே தெரிந்துவிடும்.